ஆப்பின் வேலையை எடைக்கல் வைத்துக் காட்டலாம்

ஆசிரியருக்கு,

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ஆப்பு என்றால் ஒரு கத்தியும் பாதி கொய்யாவும் வைத்துவிடுகிறார்கள். பழம் வெட்டுப்படுவது தெரிகிறது. கீழே அழுத்தும் விசை பக்கவாட்டில் திரும்பிப் பெருகுவது தெரிவதில்லை.

தச்சுப் பட்டறையில் 10 செ.மீ. நீளத்தில் இரண்டு ஆப்பு இழைத்து வாங்குங்கள். தலைத் தடிமன் ஒன்றுக்கு 2 செ.மீ., மற்றதற்கு 5 செ.மீ. பிறகு 15 செ.மீ. உயரக் கட்டைகள் இரண்டை ஒட்டி நிறுத்தி, மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே சைக்கிள் டியூப் வளையம் மாட்டுங்கள். வளையம் இறங்கிவிட்டால் கட்டைகள் விலகாமல் சாய்ந்துவிடும். அடியில் பென்சில்களை உருளையாகப் போட்டால் மேசையின் உராய்வு குறுக்கே வராது. ஆப்பின் நுனியை இடுக்கில் வைத்து, தலையில் எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எடை ஓரமாக உட்கார்ந்தால் ஆப்பு சாய்ந்து கவ்விக்கொள்ளும், கணக்கு கெட்டுவிடும்.

இரண்டு ஆப்பையும் ஒரே ஆழத்தில் ஒப்பிடக் கூடாது. டியூப் விரிய விரிய இழுவிசை கூடும். இடைவெளி 1 செ.மீ. ஆனதும் எடையைக் குறியுங்கள். அதற்கு ஒல்லி ஆப்பு 5 செ.மீ. இறங்க வேண்டும். தடித்ததற்கு 2 செ.மீ. போதும், ஆனால் எடை கூடுதலாகக் கேட்கும்.

நீளத்தைத் தடிமனால் வகுத்தால் இயந்திர லாபம் (விசை எத்தனை மடங்கு பெருகுகிறது என்பது) 5, 2 என்று வரும். அளவில் அது கிடைக்காது. மரமும் மரமும் உரசுவதில் பாதிக்கு மேல் போய்விடும். இதைச் சோதனையின் தோல்வி என்று மாணவர்களிடம் சொல்லிவிடக் கூடாது, பாடமே இங்குதான் இருக்கிறது. முகப்பவுடர் தூவிவிட்டு மறுபடி ஏற்றுங்கள், எடை குறையும். கற்களை எடுத்ததும் தடித்த ஆப்பு மேலே தள்ளப்படும். ஒல்லியானது பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும். கோடாலிக் காம்பில் அடித்த ஆப்பு கழலாமல் இருப்பதும் இந்த உராய்வால்தான்.

வெளியே காட்ட விறகு பிளக்கும் இடம் போதும். வேப்பங்கட்டையில் நார் பின்னிக் கிடப்பதால் ஆப்பு அடிக்கடி சிக்கும். விரிசலில் சற்றுத் தள்ளி இன்னொன்றை இறக்கினால்தான் முதலாவது விடுபடும். கல் உடைக்கும் இடத்தில் வேறு சிக்கல். குழியின் அடியில் ஆப்பு முட்டிவிட்டால் அடியெல்லாம் கீழேயே போய்விடும், பாறை பிளக்காது.

சம்மட்டி பட்டுப் பட்டுத் தலை காளான்போல மடிந்த இரும்பு ஆப்பை மாணவர்கள் முன் அடிக்க வேண்டாம். அந்த விளிம்பு சிம்பாகத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். விளிம்பை அரைத்துச் சமன் செய்த பிறகே கையில் எடுக்க வேண்டும். அப்போதும் மாணவர்கள் எட்டியே நிற்கட்டும்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
காங்கேயம்