பயணிகளை எந்த விசையும் தூக்கி வீசவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் வந்த பஸ் விபத்துச் செய்தியில், "டிரைவர் திடீரெனப் பிரேக் போட்டதால் உருவான விசை, பயணிகளை முன்பக்கமாகத் தூக்கி வீசியது" என்று ஒரு வரி இருந்தது. அப்படி ஒரு விசை கிடையாது. பஸ்ஸை நிறுத்தியது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. அது பஸ்ஸின் மீது பின்னோக்கிச் செயல்பட்டது. பயணிகளை நிறுத்தப் போதிய விசை எதுவும் இல்லாததால், அவர்கள் அதுவரை வந்த வேகத்திலேயே போனார்கள்; கம்பியோ முன் இருக்கையோ குறுக்கே வரும்வரை போனார்கள். 1687இல் நியூட்டன் வெளியிட்ட முதல் விதி இது. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இயக்க விதிகள்தான் முதல் பாடம். தாங்கள் அறியாததல்ல. அறிந்தவர்கள் இருக்கும் அலுவலகத்திலிருந்தே இது அச்சேறி வருகிறதே என்பதுதான் என் வருத்தம்.

ஒரு வரிக்காக இவ்வளவு கோபமா என்று தங்கள் உதவி ஆசிரியர்கள் கேட்கலாம். அந்த வரியை நம்புகிறவர் என்ன செய்வார் என்று அவர்கள் யோசிக்கட்டும். தள்ளுகிற விசை என்றால் காலை ஊன்றித் தாங்கிக்கொள்ளலாம், குழந்தையை இறுக அணைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைப்பார். காரின் முன் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகும் பெற்றோரை எங்கள் ஊர்ச் சாலையில் தினமும் பார்க்கிறேன். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். மோதலில் அந்த வேகம் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அடங்கிவிட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையை மடியிலேயே நிறுத்தி வைக்க சுமார் 1,400 நியூட்டன் விசை வேண்டும். 140 கிலோ மூட்டையைக் கையில் தாங்குவதற்குச் சமம் அது. பாசம் எவ்வளவு இருந்தாலும் கை தாங்காது.

என் மைத்துனர் படித்தவர், வங்கி அதிகாரியாக இருந்தவர். "பின் சீட்டில் பெல்ட் எதற்கு? முன் சீட்டைப் பிடித்துக்கொண்டால் போயிற்று" என்பார். நாங்கள் சென்ற கார் சாலைத் தடுப்பில் மோதியது. அவர் அருகில் பெல்ட் அணிந்திருந்த நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. மருத்துவமனைப் படுக்கையில், "பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளியது போல இருந்தது" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. பள்ளியை விட்ட பிறகு அவர் அறிவியல் படித்ததெல்லாம் பத்திரிகைகளில்தான். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் சென்று உயிரிழந்தபோதும், அபராதம் எவ்வளவு என்பதைத்தான் விரிவாகப் படித்தேன். பெல்ட் என்ன வேலை செய்கிறது என்பதைப் படித்த நினைவில்லை.

இது முதல் தடவையும் அல்ல. விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு இல்லாததால் வீரர்கள் மிதக்கிறார்கள் என்று தங்கள் சிறுவர் இணைப்பில் வந்தது. 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. அவர்கள் நிலையத்தோடு சேர்ந்து ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறார்கள். நொடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பக்கவாட்டு வேகம் இருப்பதால் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றுகிறார்கள். அதற்கும் கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

2023 ஜூலையில் சந்திரயான்-3 புறப்பட்டபோது, ராக்கெட் காற்றைக் கீழே தள்ளி மேலே எழுகிறது என்று படத்தோடு விளக்கினீர்கள். அப்படியானால், ஆகஸ்டில் காற்றே இல்லாத நிலவில் லேண்டர் தன் எஞ்சின்களை இயக்கி வேகத்தைக் குறைத்து இறங்கியது எப்படி? ராக்கெட் தள்ளுவது தன் வாயுவைத்தான். அந்த வாயு ராக்கெட்டைத் திருப்பித் தள்ளுகிறது. அப்போது நான் பணியில் இருந்தேன். தேர்வில் இதைத் தவறாக எழுதிய மாணவன், மதிப்பெண் குறைத்ததற்குத் தங்கள் நாளிதழை எடுத்துவந்து என் மேசையில் விரித்தான். அச்சில் வந்ததற்கு முன்னால் என் சாக்பீஸ் எடுபடவில்லை. அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்று சொல்லி, அமெரிக்க ராக்கெட் ஆய்வு முன்னோடி ராபர்ட் கொடார்டுக்குப் பள்ளிப் பாடமே தெரியவில்லை என 1920 ஜனவரியில் தலையங்கம் எழுதிய நியூயார்க் டைம்ஸின் கதை தங்களுக்குத் தெரிந்ததே. அப்பல்லோ-11 புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அது திருத்தம் வெளியிட்டது. கொடார்ட் 1945இலேயே இறந்துவிட்டிருந்தார்.

எனக்கு வேண்டியது இரண்டே வரிகள். பயணிகளை எந்த விசையும் தூக்கி வீசவில்லை, பஸ் நின்ற பிறகும் அவர்கள் தங்கள் வேகத்திலேயே தொடர்ந்து சென்றார்கள் என்று அதே மாவட்டச் செய்திப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றால், குழந்தை பற்றிய கணக்கை மட்டுமாவது போடுங்கள். என் பெயர் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்