கையெழுத்து போடதுக்கு முன்னால

மக்கா,

ஞாயித்துக்கிழமை நீ போன்ல சொன்னது ரெண்டு நாளா மனசுல கெடந்து உறுத்துது, அதான் ராத்திரி உக்காந்து டைப் பண்ணுதேன். புது கம்பெனி, ரெண்டு மடங்கு சம்பளம், பசிபிக் கடல்ல கப்பல்ல வேலை, நாலாயிரம் மீட்டருக்கும் கீழ தரையில கெடக்க உலோகக் கல்லை மெஷின் விட்டு உறிஞ்சி எடுக்கது. கேக்க சந்தோசம்தான். ஆனா அது யாரு கடல்னு நான் கேட்டதுக்கு, "எந்த நாட்டுக்கும் சொந்தமில்லம்மா, யாரு வேணும்னாலும் எடுக்கலாம்"னு சொன்னே பாரு, அது தப்பு மக்கா. இருபத்தெட்டு வருசம் பிள்ளைகளுக்கு சமூக அறிவியல் எடுத்தவ நான், என் பிள்ளையே அப்படி சொன்னா எனக்கு தாங்கல.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லங்கது சரி. கரையில இருந்து 200 கடல் மைல் வரைக்கும் அந்தந்த நாட்டுக்கு உரிமை, கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டி கடலுக்கடியில போற நிலத்தட்டு, நீண்டு கெடந்தா இன்னும் கொஞ்சம் தள்ளி. நம்ம கன்னியாகுமரி கடல்ல ஆயில் எடுக்கக்கூடாதுன்னு கரையில ஆளுங்க போராடுதாங்கல்லா, அது இந்த 200க்குள்ள வாறது, முடிவெடுக்கது டெல்லி, சண்டைன்னாலும் அவங்ககிட்ட போடலாம். நீ போற எடம் அதுக்கெல்லாம் அப்பால. 1982 கடல் சட்ட ஒப்பந்தத்துல 136ஆவது பிரிவு ஒத்த வரிதான், அந்தக் கடலடியும் அதுல உள்ள கனிமமும் மனுசகுலத்துக்கே பொதுச்சொத்துன்னு. பொதுச்சொத்துன்னா ஆளில்லாத சொத்துன்னு அர்த்தமா? நம்ம கரையில கரமடி வலை இழுத்தா கயிறு பிடிச்ச அத்தனை பேருக்கும் பங்கு உண்டு, கோயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. மடி கரைக்கு ஏறுததுக்கு முன்னால ஒருத்தன் போய் கூடையில அள்ளினா உங்க தாத்தா சும்மா விட்டிருப்பாரா?

இத முதல்ல ஐ.நா.ல எடுத்துச் சொன்னது எந்த பெரிய நாடும் இல்ல, மால்டா. நம்ம ஜில்லாவுல அஞ்சுல ஒரு பங்கு கூட வராது அந்த நாடு. அதோட தூதர் அர்விட் பார்டோ 1967 நவம்பர் 1ஆம் தேதி எந்திச்சு நின்னு, டெக்னாலஜி கையில உள்ளவன் கடலடியை பங்கு போட்டுக்கிடுவான், அதுக்கு முன்னால இத எல்லாருக்கும் பொதுன்னு ஆக்கணும்னு பேசினாரு. அதுக்கப்புறம் ஒப்பந்தம் எழுதி முடிக்க பதினஞ்சு வருசம், அமலுக்கு வர இன்னும் பன்னிரண்டு, 1994ல. இப்ப இத பாத்துக்கிட ஜமைக்கா கிங்ஸ்டன்ல சர்வதேச கடலடி ஆணையம் இருக்கு. அங்க கான்ட்ராக்ட் இல்லாம அந்தக் கல்லை யாரும் தொடக்கூடாது.

அதுல ஒரு விதி இருக்கு, படிச்சப்ப எனக்கு நம்ம அடுக்களை ஞாபகம் வந்துட்டு. நீயும் அக்காவும் சின்னதுல நெய்மீன் நடுத்துண்டுக்கு அடிபிடி போடுவீங்கல்லா, நான் கத்தியை அக்கா கையில குடுத்து, வெட்டுதது நீ, முதல்ல எடுக்கது தம்பின்னு சொல்லுவேன். அவ முள்ளு எந்தப் பக்கம், வயித்துச்சதை எந்தப் பக்கம்னு கண்ணை இடுக்கிப் பாத்து மயிரிழை பிசகாம வெட்டுவா. அதேதான். கல்லு எடுக்க விண்ணப்பம் போடுத நாடு ரெண்டு சம மதிப்புள்ள எடத்தை காட்டணும், ஒண்ணை ஆணையம் எடுத்து ஏழை நாடுகளுக்குன்னு ஒதுக்கி வைக்கும்.

நம்ம நாடும் இந்த வரிசையில நிக்குது, தெரியுமா. 1987லயே இந்தியப் பெருங்கடல் நடுவுல ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் பதிவு பண்ணி, விதிப்படி பாதியை திருப்பிக் குடுத்து, 75,000 வச்சிக்கிட்டு 2002ல கான்ட்ராக்ட் போட்டது. இன்னைக்கு வரைக்கும் அது ஆய்வுக்கு மட்டும்தான். ஏன்னா வெட்டி எடுத்து விக்கதுக்கான விதியே இன்னும் எழுதி முடியல. 2021ல நவ்ரு நாடு ரெண்டு வருசத்துல முடிங்கன்னு கெடு வச்சது, 2023ல கெடுவும் முடிஞ்சுட்டு, விதி வரல.

இதுலதான் என் பயம். அமெரிக்கா அந்த ஒப்பந்தத்துல சேரவே இல்ல. 2025 ஏப்ரல்ல அவங்க ஜனாதிபதி ஒரு ஆர்டர் போட்டாரு, அவங்க 1980ல எழுதின சொந்தச் சட்டத்தை வச்சே நடுக்கடல்ல எடுக்க லைசென்ஸ் குடுக்கலாம்னு. ஆணையம் இது சரியில்லன்னு சொல்லிட்டு. இப்படி யாராவது உரிமை கொண்டாடினா மத்த நாடுகள் அத ஏத்துக்கக்கூடாதுன்னு கடல் சட்ட ஒப்பந்தத்தோட 137ஆவது பிரிவுலயே இருக்கு. நீ சொன்ன கப்பல் இந்த வழியில போறதோன்னு எனக்கு தோணுது.

எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல மக்கா, பேட்டரிக்கு நிக்கலும் கோபால்ட்டும் வேணும்னு நீ சொல்லுதது புரியுது. ஆனா அந்தக் கல்லு பத்து லட்சம் வருசத்துக்கு சில மில்லிமீட்டர்தான் வளருது. 1989ல பெரு பக்கத்து ஆழ்கடல்ல சோதனைக்குன்னு கலப்பை மாதிரி ஒண்ணை இழுத்துப் பாத்தாங்க, 26 வருசம் கழிச்சு போய் பாத்தா தடம் நேத்து உழுத மாதிரி அப்படியே கெடக்கு. நம்ம ஊர்ல மணல் அள்ளினது உனக்கு நினைவிருக்கும். தாத்தா வலை காயப்போட்ட எடம் இப்ப தண்ணிக்குள்ள, மணல் எடுத்ததாலயா கடலரிப்பாலயான்னு கேட்டு எத்தனை மனு எழுதினேன், பதில் சொல்ல ஒரு ஆளு வரல. அதனாலதான் 2011ல சர்வதேச கடல் சட்டத் தீர்ப்பாயம் சொன்னது எனக்கு பெருசா தெரியுது. ஒரு கம்பெனிக்கு ஸ்பான்சரா, அதாவது பொறுப்பேத்து, நிக்க நாடு பேருக்கு நிக்கக்கூடாது, அது ஒழுங்கா நடக்கான்னு பாக்கணும், சின்ன நாடுன்னு சலுகை கிடையாதுன்னு. அங்க கேள்வி கேக்கதுக்காவது ஒரு ஆளு இருக்கு.

சம்பளத்தை விடு, அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. இந்த அனுமதி கிங்ஸ்டன்ல வாங்கினதா, வாஷிங்டன்ல வாங்கினதா? அத எழுத்துல தரச் சொல்லு. தரலன்னா கையெழுத்து போடாத. வீட்டுக் கடனுக்காக நீ யோசிக்கியோன்னு அப்பா கேக்காரு, அத நாங்க பாத்துக்கிடுதோம், என் பென்சன் இருக்கு.

அக்கா மகளுக்கு காச்சல் விட்டுட்டு. நெத்திலி கருவாடு காய வச்சிருக்கேன், அடுத்த வாரம் உன் பிரெண்டு வாறான்லா, குடுத்து விடுதேன். டூட்டி முடிஞ்சதும் கூப்பிடு, எத்தனை மணி ஆனாலும் முழிச்சிருப்பேன்.

அம்மா