முன்பணம் எண்ணப்பட்டது காட்பாடியில்: வேலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜார்க்கண்டிலிருந்து வந்து மேற்குக் கரையில் ஒரு விசைப்படகில் வேலை செய்து, வலது கையில் மூன்று விரல்களை இழந்து, இப்போது எங்கள் விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருக்கும் இளைஞரைப் பற்றித் திங்கட்கிழமை குறைதீர்வு நாள் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்திருந்தேன். அது எந்த அலுவலகத்துக்குப் போனது, யார் கையெழுத்தோடு திரும்பியது என்று பெயர் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த எனக்கு விருப்பமில்லை. வந்த பதிலை மட்டும் சொல்கிறேன். சம்பவம் வேறு மாநிலத்தில், கடலில் நடந்திருக்கிறதாம். இம்மாவட்டத்தில் மீன்பிடித் துறைமுகம் எதுவும் இல்லையாம். ஆகவே மனு முடித்துவைக்கப்படுகிறதாம்.

அந்தப் பதிலை ஏற்க முடியாததால் உங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன். அந்தத் தம்பியின் வாக்குமூலத்தை இங்கே பதிவுசெய்யுங்கள். விசாரணையை இங்கே தொடங்குங்கள். கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்ற விடுதலைச் சான்றிதழை இங்கே கொடுங்கள். இவையெல்லாம் ஜூலை 31-க்கு முன்னால் நடக்க வேண்டும். ஏன் அந்தத் தேதி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தோட்டப்பாளையத்தில் சமையலறையோடு கூடிய அறைகளை வாடகைக்கு விடுகிறேன். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வேலூருக்கு வைத்தியத்துக்கு வரும் குடும்பங்கள்தான் என் விருந்தினர்கள். அவர்களோடு பேசிப் பேசியே இந்தியும் ஓரளவு வங்காளமும் கற்றுக்கொண்டேன். நோயாளிகளின் துன்பம் எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்தத் தம்பி சொன்னதைக் கேட்ட பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அவருடைய வீட்டில் 20,000 ரூபாய் கடன் இருந்தது. கேரளத்தில் மீன் பதனிடும் ஆலையில் வேலை, மாதம் 16,000 ரூபாய், சாப்பாடு இலவசம் என்று ஊருக்கு வந்த ஆள் சொல்லியிருக்கிறார். நம்பி வந்த ஏழு பேர் காட்பாடியில் இறக்கப்பட்டார்கள். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு கொட்டகையில் இரண்டு இரவுகள் தங்கவைக்கப்பட்டார்கள். இந்த ஊர்க்காரர் ஒருவர், நம் மாவட்டத்திலேயே வீடு வாசலோடு இருப்பவர், அங்கே வைத்து முன்பணத்தை எண்ணிக் கொடுத்தார், ஆதார் அட்டைகளை வாங்கிக்கொண்டார், அவர்களுக்குப் படிக்கத் தெரியாத தாளில் கைரேகை எடுத்தார். மூன்றாம் நாள் மேற்குக் கரைக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். ஆலை என்று சொன்னது படகாக மாறியது துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான். இவர்களில் கடலை அதற்கு முன் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

எட்டு மாதங்கள் படகில் இருந்திருக்கிறார். நம் கடற்கரையில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் பிடித்த மீனில் பங்கு வாங்குகிறார்கள். செலவு போக மிச்சத்தில் தம் பங்கு என்ன என்று கேட்க அவர்களால் முடிகிறது. முன்பணத்துக்கு வந்தவருக்குப் பங்கும் இல்லை, கணக்கும் இல்லை. கடைசியில் எல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில்.

மே மாதக் கடைசி. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரியும். தடை தொடங்குவதற்கு முன்னால் பிடித்ததெல்லாம் லாபம் என்று படகுகள் கடலிலேயே கிடக்கும் நாட்கள் அவை. இரவு பகலாக வலை இழுத்திருக்கிறார்கள். அப்படி ஓர் இரவில், தூக்கக் கலக்கத்தில், வலையை இழுக்கும் இயந்திரமான விஞ்சில் சுற்றிக்கொண்டிருந்த இரும்புக் கயிற்றில் அவருடைய கையுறை சிக்கியது. விஞ்சை நிறுத்துவதற்குள் மூன்று விரல்கள் நசுங்கிவிட்டன.

படகு திரும்பவில்லை. கரைக்குப் போய் வர டீசல் வீணாகும், தடை தொடங்கும் நாளும் நெருங்கிவிட்டது, மீனும் கிடைத்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு லுங்கியைக் கிழித்துச் சுற்றினார்கள். வலி பொறுக்காமல் கத்தியபோது, மீனுக்கு வைத்திருந்த ஐஸில் கையை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான்கு நாட்கள் அப்படியே மீன் அறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாளிலிருந்து சமைக்கவும் மீன் பிரிக்கவும் இடது கையால் முடியும்தானே என்று வேலை வாங்கியிருக்கிறார்கள். கரை சேர்ந்தபோது விரல்கள் கறுத்துவிட்டிருந்தன. துறைமுகத்துக்கு அருகே ஒரு கட்டுப் போட்டுவிட்டு, உங்கள் ஊர்க்காரர்கள் எல்லாம் வைத்தியத்துக்குப் போகும் வேலூருக்கே போ என்று ரயில் ஏற்றிவிட்டார்கள். அவரை அனுப்பும்போது கணக்குப் பார்ப்பவர் நோட்டைத் திறந்து கணக்கு வாசித்தார். முன்பணம், ரயில் கட்டணம், மழைக்கோட்டு, மருந்து என்று போய்க்கொண்டிருந்த பட்டியலின் கடைசியில், படகு கரைக்குத் திரும்பிய டீசல் செலவில் ஒரு பங்கு.

ஆட்சியர் அவர்களே, அந்த வரியை மட்டும் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டுகிறேன். படகு அவருக்காகத் திரும்பவே இல்லை. தடைக்காலம் தொடங்குவதால் எப்படியும் திரும்பியாக வேண்டிய படகு அது. நான்கு நாட்கள் ஒரு மனிதனை அழுகும் கையோடு உட்காரவைத்துவிட்டு, தாங்கள் வீடு திரும்பிய டீசலுக்கும் அவரிடமே கடன் எழுதியிருக்கிறார்கள். 20,000 ரூபாய் முன்பணத்தோடு போனவர், எட்டு மாதங்கள் உழைத்த பிறகு, 34,000 ரூபாய் கடனோடு வந்திருக்கிறார். காட்பாடியில் வாங்கப்பட்ட அவருடைய ஆதார் அட்டை இன்னும் படகு உரிமையாளரிடம் இருக்கிறது. அடையாள அட்டை இல்லாதவருக்கு அறை கொடுக்கக் கூடாது என்பது எங்களைப் போன்ற விடுதிக்காரர்களுக்கான விதி. அண்ணன் நிலத்தை அடகு வைத்துவிட்டு ஊரிலிருந்து வந்தார், அவர் பெயரில் அறையைப் பதிவுசெய்தேன். விரல்களை இழந்தவருடைய பெயர் எங்கள் பதிவேட்டில்கூடத் தனியாக இல்லை.

வேறு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தின் விபத்துக் காப்பீட்டில் நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் உண்டு. அது பதிவு பெற்ற மீனவருக்கு. ஒவ்வொரு படகிலும் பணியாளர் பட்டியல் இருக்க வேண்டும், அதன் பிரதி கரையில் இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், மூன்று நாட்களுக்கு மேல் கடலில் இருக்கும் படகுகளில் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 188-ஆம் உடன்படிக்கை 2007-இலேயே சொல்லிவிட்டது. மீன்பிடிப் படகுகளில் அடிமைத்தனம் என்று உலகமே குற்றம் சாட்டிய தாய்லாந்து 2019-இல் அதை ஏற்றது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. அதை மாற்றுவது உங்கள் அதிகாரத்தில் இல்லை என்பதை அறிவேன். உங்கள் அதிகாரத்தில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

கடல் வேறு மாநிலத்தில் இருக்கலாம். ஆளைப் பெற்றுக்கொண்டது காட்பாடியில். தங்கவைத்தது காட்பாடியில். பணம் கொடுத்துக் கைமாற்றியதும் காட்பாடியில். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு ஆள்கடத்தல் என்று சொல்வது இவற்றைத்தான்: சுரண்டும் நோக்கத்தோடு ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஒருவரைச் சேர்ப்பது, கொண்டுபோவது, தங்கவைப்பது, மாற்றிவிடுவது, பெற்றுக்கொள்வது. அவர் விருப்பப்பட்டுத்தானே வந்தார் என்று என்னிடம் ஓர் அலுவலர் கேட்டார். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் கொள்ளத் தக்கதல்ல என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவோ, தன் எல்லைக்குள் வசிக்கும் எவரும், அல்லது அவர் சார்பாக எவரும், கட்டாய உழைப்பை வாங்குகிறார்களா என்று விசாரிப்பது மாவட்ட நடுவரின், அதாவது ஆட்சியராகிய உங்களின், கடமை என்கிறது. கொட்டகை வைத்திருக்கும் அந்த மனிதர் உங்கள் எல்லைக்குள் வசிக்கிறார். ஒருவேளை இது முழுவதும் வேறு மாநிலத்துக் குற்றமே என்று வைத்துக்கொண்டாலும், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவுசெய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு காவல் நிலையங்களுக்குச் சொல்லியிருக்கிறது. நான் வழக்கறிஞர் அல்ல. இந்தப் பிரிவுகளை ஒரு விடுதிக்காரி தேடிப் படித்து அலுவலகங்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகவும், மறைக்காமல் சொன்னால் கோபமாகவும் இருக்கிறது.

எல்லையைக் காட்டி மனுவை மூடுவதால் என்ன நடக்கும் என்பதை வடார்க்காட்டு மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, 20 பேர் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பக்கத்துத் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைக் கூலிகள். முன்பணம் கொடுத்து, வேலை என்று சொல்லி, ஆள் பிடிப்பவர்கள் அழைத்துப்போன ஆட்கள். அன்று ஆந்திர எல்லைக்குள் நடந்தது என்று சொல்லி நாம் ஒதுங்கவில்லை. நியாயம் கேட்டோம், கேட்டது சரி. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், ஒருங்கிணைந்த வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டபோது, ஒரு முதியவர் மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடெங்கும் போனது. அந்த மீட்பை நடத்தியதும் இதே வருவாய்த் துறைதான். முடியாத வேலையை நான் கேட்கவில்லை.

2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவியபோது, ஆட்சியர்களும் காவல் அதிகாரிகளும் தொழிற்சாலைகளுக்கே போய், இந்தியில் பேசி, உதவி எண்களைக் கொடுத்துப் பயத்தைத் தீர்த்தார்கள். தொழிலாளர்கள் ஊர் திரும்பிவிட்டால் தொழில் நின்றுவிடும் என்ற கவலையும் அந்த வேகத்துக்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். விரல்கள் போன ஒருவருக்காக அதே வேகத்தில் ஒரு பங்கையாவது காட்ட முடியாதா? ஆண்டுதோறும் பிப்ரவரி 9 அன்று எல்லா அரசு அலுவலகங்களிலும் கொத்தடிமை முறை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். அந்த உறுதிமொழியில் கடலுக்கு விலக்கு இல்லை. ரயில்வே பாதுகாப்புப் படை ‘ஆபரேஷன் ஆஹட்’ என்று ஆள்கடத்தலுக்கு எதிராகத் தனி முயற்சியே நடத்துகிறது. சிறுவர்களைக் கண்டால் நிறுத்தி விசாரிக்கிறார்கள், நல்ல காரியம். இருபது வயது ஆண்கள் ஏழு பேர் ஒருவன் பின்னால் வரிசையாக நடந்து போனால் நடைமேடையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கோபத்தில் சொன்னது ஏதேனும் மரியாதைக் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 31-ஐப் பற்றிச் சொல்கிறேன்.

சேர்ந்து போன ஏழு பேரில் மற்ற ஆறு பேரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். தடைக்காலத்தில் ஊருக்கு அனுப்பினால் திரும்பி வரமாட்டார்கள் என்று, வலை பின்னவும் படகுக்குச் சாயம் அடிக்கவும் சம்பளமில்லாமல் துறைமுகத்திலேயே வைத்திருக்கிறார்கள். இந்தத் தம்பியோடு எப்போதாவது வேறொருவருடைய கைப்பேசியிலிருந்து பேசுகிறார்கள். அவர்களில் ஒருவனுக்குப் பதினாறு வயதுதான் என்கிறார். இப்போது அவர்கள் கரையில் இருக்கிறார்கள். அந்தத் துறைமுகத்தின் மாவட்ட நிர்வாகத்துக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதினால், நாளையே ஓர் அதிகாரி போய்ப் பார்க்கலாம். ஆகஸ்ட் 1 அன்று படகுகள் கடலுக்குப் போய்விடும். பிறகு அவர்களைத் தேடுவதற்கு யாரிடமும் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. அதே நாட்களில், ஆகஸ்டில் தொடங்கும் பருவத்துக்காக, அடுத்த குழுவும் காட்பாடியில் இறங்கும்.

எனவே மீண்டும் கேட்கிறேன். வாக்குமூலம், விசாரணை, விடுதலைச் சான்றிதழ், மூன்றும் இங்கே. விசாரித்து, கொத்தடிமையாக வேலை வாங்கப்பட்டார் என்று தெரிந்தால், வருவாய்க் கோட்டாட்சியர் சான்றிதழ் வழங்கலாம். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கொடுக்க வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டமே சொல்கிறது. அதற்காகக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிதியை மாவட்ட அளவில் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே திட்டம் சொல்கிறது. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால்தான், நோட்டில் எழுதிய 34,000 ரூபாய் செல்லாது என்று அவருடைய வீட்டுக்கு வந்து மிரட்டும் ஆளிடம் சொல்ல முடியும். முடிந்தால் ஜூலை மாதம் முழுவதும் காட்பாடி நடைமேடையில் இந்தியும் வங்காளமும் சந்தாலியும் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, யாரோடு போகிறீர்கள், என்ன வேலைக்கு, அட்டை யாரிடம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையாவது கேட்கச் செய்யுங்கள்.

தம்பிக்கு இன்னும் ஓர் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. அதுவரை அவரும் அண்ணனும் இங்கேதான் இருப்பார்கள். அதற்குப் பிறகு அறை வாடகையை நான் வாங்காமல் விட்டாலும், ஊரில் விதைப்புக் காலம், அண்ணனால் தங்க முடியாது. வாக்குமூலம் எடுக்க யாரை அனுப்பினாலும், எந்த நேரத்தில் அனுப்பினாலும் சரி. மொழிபெயர்க்க நான் வருகிறேன், பணம் வேண்டாம். கொட்டகை இருக்கும் இடத்தைக் காட்ட அவர் தயாராக இருக்கிறார். அதற்கு அவருக்குக் காவல்துறைப் பாதுகாப்பு மட்டும் கொடுங்கள்.

பணிவுடன்,
விடுதி நடத்தும் ஒரு பெண்
தோட்டப்பாளையம், வேலூர்