எலி வளை வேறு, எலித் துளை வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேகாலய நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையில் ‘எலித் துளை’, ‘எலிப் பொந்து’, ‘எலி ஓட்டை’ ஆகிய மூன்றும் ‘ரேட் ஹோல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக, ஒரே பொருளில் மாறி மாறி வந்திருந்தன. தமிழில் இவை ஒன்றல்ல. அரிசி மூட்டையில் எலி போடுவது ஓட்டை. மரத்திலோ பழஞ்சுவரிலோ இருக்கும் குடைவு பொந்து. மண்ணைத் தோண்டி அது குடியிருப்பதுதான் வளை. ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்று வாடகை வீட்டுக்காரர்கள் பெருமூச்சு விடுவதும் அதனால்தான். புறநானூற்றின் 190ஆம் பாட்டில், கதிரைக் கொண்டுபோய் எலி நிறைத்து வைக்கும் இடம் ‘அளை’ எனப்படுகிறது. எங்கள் தெருவில் நடைபாதைக் கல்லுக்கு அடியில் பெருச்சாளி தோண்டியிருப்பதைத் தூய்மைப் பணியாளர் ‘வங்கு’ என்கிறார். அதுவும் நல்ல சொல்லே.

நான் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் வளர்ந்தவன். அறுப்பு முடிந்ததும் வரப்பில் வளை வெட்ட வருபவர்கள், ஒரு வாயில் வைக்கோல் புகையை ஊதிவிட்டு, வேறு எந்த வாயில் புகை கசிகிறது என்று பார்த்து அதை மண்ணால் அடைப்பார்கள். பிறகு மண்வெட்டியால் கொத்திக்கொண்டே போனால், வளைந்து செல்லும் வழியின் முடிவில், ஈர மண் ஒட்டிய நெற்கதிர்கள் கொத்துக் கொத்தாகக் கிடைக்கும். 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்த மேகாலயச் சுரங்கங்களும், ஆள் குனிந்தோ ஊர்ந்தோ மட்டுமே போகக்கூடிய இத்தகைய வழிகள்தாம். 2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் சிக்கிய 41 பேரை மீட்க, இயந்திரம் உடைந்த பின் கடைசிச் சில மீட்டர்களைக் கையால் தோண்டியவர்கள் இவ்வகைச் சுரங்கத் தொழில் பழகியவர்களே. ஆகவே ‘எலி வளைச் சுரங்கம்’ என்பதே பொருந்தும்.

ஆனால் எல்லா இடத்திலும் வளை பொருந்தாது. நான் பணியாற்றிய எண்ணெய்க் கிணற்று ரிக்கில், அதாவது துளையிடும் மேடையில், அடுத்து இணைக்க வேண்டிய, ஏறத்தாழ 30 அடி நீளக் குழாயைத் தயாராக நிறுத்தி வைக்கும் குழிக்கு ‘மவுஸ் ஹோல்’ என்று பெயர். துளையிடும் குழாய்களைச் சுழற்றும் ‘கெல்லி’ என்ற தண்டை இறக்கி வைக்கும் பக்கத்துக் குழி ‘ரேட் ஹோல்’. அவற்றை நாங்கள் யாரும் தமிழ்ப்படுத்தியதில்லை, தேவையும் இருக்கவில்லை. 1943 டிசம்பரில் இத்தாலியின் ஒர்ட்டோனா நகரில், தெருவில் இறங்கினால் சுடப்படுவோம் என்பதால், கனடியப் படையினர் வீட்டுக்கு வீடு பொதுச்சுவரை வெடி வைத்து உடைத்து முன்னேறியதையும் ஆங்கிலத்தில் ‘மவுஸ் ஹோலிங்’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள். அதற்குத் தமிழில் எலியே வேண்டாம். கன்னம் வைத்தல் என்று திருடர்கள் வழியாக நமக்கு வந்த சொல்லே போதும்.

இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் ‘மவுஸ் ஹோல்’ என்பதன் அதே ஆங்கில எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மீனவ ஊர் ஒன்று இருக்கிறது. அவ்வூரார் அதை ‘மவ்சல்’ என்று உச்சரிக்கிறார்கள். அது செய்தியில் வரும் நாளில் அதனை ‘எலிவளை’ ஆக்கிவிட வேண்டாம் என்றும் தங்கள் மொழிபெயர்ப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரிக் பணியாளர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை.