ஒட்டடைக்கு மருந்து வேண்டாம்: நம் நகர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும் நம் நகரின் எல்லா வீட்டாருக்கும் வணக்கம்.

நுழைவாயில் பலகையில் ஒட்டியிருக்கும் தீர்மானத்தைப் படித்தேன். சிலந்தித் தொல்லை அதிகமாகிவிட்டதாம். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டிலும் உள்ளேயும் வெளியேயும் மருந்து அடிப்பது, காசை மாதச் சந்தாவோடு வாங்கிக்கொள்வது என்று போட்டிருக்கிறது. பொதுக்குழுவில் இது நிறைவேறுவதற்கு முன் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். காசுக்காக நான் மல்லுக்கு நிற்கவில்லை. சிலந்திக்கு மருந்து அடிப்பது வீண் வேலை, அதோடு கெடுதலும்கூட.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வளைகுடாவில் பல வருஷம் கட்டடப் பராமரிப்பில் இருந்தேன், பெரும்பாலும் பூச்சி மருந்துப் பிரிவில். முதுகில் டேங்க் மாட்டி அடித்தவன். மருந்தே ஆகாது என்று கொடி பிடிக்கிற ஆள் இல்லை.

கூட்டத்தில் மூன்றாவது தெரு அண்ணன், "துபாயில் மாதாமாதம் அடிப்பார்கள், ஒரு பூச்சியைப் பார்க்க முடியாது" என்றாராம். இருக்கலாம். ஆனால் அந்த ஊர் என்ன, நம் ஊர் என்ன? அங்கே வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது. நம் கடலூரில் 1,200க்கு மேல். அங்கே வெயில் காலத்தில் வெளியே 45 டிகிரி கொதிக்கும். தண்ணீரும் குளிர்ச்சியும் தேடித்தான் பூச்சி வீட்டுக்குள் வருகிறது. வீடோ நாள் முழுக்க ஏசி ஓடும் மூடிய பெட்டி. வழியை அடைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். லீவுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்ததும் "வீடு முழுக்கக் கரப்பான்" என்று போன் செய்வார்கள். போய்ப் பார்த்தால் பாத்ரூம் ஜாலிக்குக் கீழே இருக்கும் வளைவில் தண்ணீர் வற்றிப் போயிருக்கும். சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தடையாக இருப்பதே அந்தத் தண்ணீர்தான். இரண்டு மக்கு தண்ணீர் ஊற்றுவதுதான் முதல் சிகிச்சை, மருந்து அப்புறம்.

சிலந்திக்கு அங்கேயும் யாரும் மருந்தை நம்பவில்லை. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை வைப்போம், குழாய் நுழையும் ஓட்டையை அடைப்போம், வாசல் விளக்கை இரவில் அணைக்கச் சொல்வோம், வலையை வேக்குவம் வைத்து உறிஞ்சுவோம். ஒட்டகச் சிலந்தி என்று ஒன்று அங்கே உண்டு. மனிதனைத் துரத்தும், கடித்தால் சதை அழுகும் என்றெல்லாம் கதை விடுவார்கள். உண்மையில் அது சிலந்தி இனமே இல்லை, அதற்கு விஷமும் கிடையாது. வெயில் தாங்காமல் நிழல் தேடி ஓடும். அந்த மணல் வெளியில் கிடைக்கிற நிழல் நம்முடையதாக இருந்தால் நம் பின்னால்தான் வரும். பெரிய பெரிய ஆட்களே டேபிள் மேல் ஏறி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும்? நம் வீடுகளில் ஜன்னல் திறந்திருக்கும், வென்டிலேட்டருக்குக் கண்ணாடியே இருக்காது, கொல்லையில் தென்னையும் முருங்கையும் நிற்கும், பாதி வீடுகளில் கிணறு இருக்கிறது. சுவரைச் சுற்றி அடித்த மருந்து ஐப்பசி மழைக்கு எத்தனை நாள் தாங்கும்? வடிகாலில் இறங்கிக் கெடிலம் ஆற்றுக்குப் போகும். வீடுகளில் அடிக்கிற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. முதுநகர் மார்க்கெட்டில் இறால் வாங்கிச் சாப்பிடுகிற ஊர் இது. இன்னொன்று, இதே குடும்பத்தைச் சேர்ந்த பெர்மெத்ரின் பூனைக்கு ஆகவே ஆகாது. நம் நகரில் பூனை வளர்க்காத தெரு எது?

சரி, சிலந்திக்கு இந்த மருந்து ஏன் பலிப்பதில்லை? கரப்பான் தரையோடு தரையாக ஊர்ந்து, மருந்தைக் காலிலும் மீசையிலும் பூசிக்கொண்டு, பிறகு வாயால் நக்கிச் சுத்தம் செய்யும், செத்துப்போகும். சிலந்தி எட்டுக் காலின் நுனியில் உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. மருந்து அதன் மேல் படுவதே குறைவு. வலை கட்டும் சிலந்தியோ தரைக்கே வராது. நேராக அதன் மேல் அடித்தால் சாகும், அதற்குத் துடைப்பம் போதும். அடித்த மருந்தில் செத்துப்போவது அதன் இரைதான். கொஞ்ச நாளில் இரை திரும்பி வரும், சிலந்தியும் வரும், இரண்டு மாதம் கழித்து மருந்துக்காரரும் வருவார்.

இந்தத் தீர்மானத்துக்கே காரணம் நாலாவது தெருவில் மீட்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஓடிவந்த பெரிய எட்டுக்கால் பூச்சி என்று கேள்விப்பட்டேன். அதை நானும் பார்த்தேன். கால் விரித்தால் உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம், கண்ணுக்குக் கீழே வெளிர்மஞ்சளாக ஒரு பட்டை. பார்த்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும்தான். இது வலை கட்டாது. பகலில் காலண்டருக்குப் பின்னால், பீரோ இடுக்கில் தட்டையாக ஒட்டிக் கிடக்கும். இரவில் இறங்கிக் கரப்பானைப் பிடிக்கும். அன்றைக்குப் பார்த்தது பெண். ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக, தட்டையாக ஒரு வெள்ளை முட்டைப்பையை வயிற்றுக்கு அடியில் பிடித்துக்கொண்டே ஓடியது. கையால் பிடித்து நசுக்கினால் கடிக்கும், வலிக்கும், கொஞ்சம் வீங்கும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அது வேண்டாமென்றால் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, கொல்லையில் விட்டுவிடலாம். கூப்பிட்டால் நானே வருகிறேன்.

மேல்மூலையில் தலைகீழாகத் தொங்கும் நீளக்கால் சிலந்தி இருக்கிறதே, தொட்டால் கிடுகிடுவென்று உடம்பை ஆட்டும். அதுதான் நம் ஒட்டடையில் பாதிக்குச் சொந்தக்காரர். கொசு அதன் சாப்பாட்டில் ஒன்று. சுவரில் குதித்துக் குதித்து ஈ பிடிக்கும் குட்டிச் சிலந்தியும் அப்படித்தான். பாத்ரூம் ஜன்னலில் கறுப்பாக ஒரு சின்னக் குளவி, துக்கடா வயிற்றை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொட்டிவிடும் என்று பயந்து செருப்பால் அடிக்கிறோம். அது நம்மைச் சீண்டாது. கரப்பானின் முட்டைக்கூட்டுக்குள் தன் முட்டையை வைக்கும். அதன் புழு உள்ளே இருக்கும் கரப்பான் முட்டைகளைத் தின்று வளரும். இவ்வளவு பேரும் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கும்போது, சம்பளம் கொடுத்து ஆள் வைத்து அவர்களைக் கொல்கிறோம்.

தீர்மானத்தில் இன்னொரு வரி: "மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குச் சிலந்தி பட்டுக் கொப்புளம் வந்தது." இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காலையில் எழுந்தால் கழுத்திலோ கன்னத்திலோ கோடு இழுத்த மாதிரி சிவந்து, எரிந்து, பிறகு கொப்புளமாகிறது என்றால் அது பெரும்பாலும் ஒரு வண்டின் வேலை. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, எறும்பு சாயல், ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். ஈர நிலத்திலும் நெல் வயலிலும் வாழ்வது. மழைக்குப் பின் டியூப்லைட்டைத் தேடி வருகிறது. அது கடிப்பதில்லை. தோல் மேல் உட்கார்ந்ததை நாம் தட்டி நசுக்கும்போது அதன் உடம்பிலிருந்து வரும் நஞ்சுதான் தோலைப் புண்ணாக்குகிறது. ஊதி விடுங்கள், பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஜன்னலுக்கு வலை போடுங்கள், படுக்கைக்கு மேலே இருக்கும் விளக்கைச் சீக்கிரம் அணையுங்கள். வயலிலிருந்து பறந்து வருவதற்கு நம் வீட்டுச் சுவரில் மருந்து அடித்து என்ன பயன்?

பெரியவர்களுக்கு உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் வந்து வலித்தால், அது அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் தங்கியிருந்து மறுபடி தலைகாட்டுவது. சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காவி எழுதுவதோ இல்லையோ, மூன்று நாளைக்குள் டாக்டரிடம் போனால் மாத்திரை நன்றாகக் கேட்கும்.

கரப்பானுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குச் செலவு செய்யுங்கள், நானும் தருகிறேன். சமையலறையில் திரியும் சின்னப் பழுப்புக் கரப்பான், கழுத்தில் இரண்டு கருங்கோடு போட்டது, சாக்கடையிலிருந்து வருவதில்லை. பழைய அட்டைப் பெட்டியிலும் மளிகைப் பையிலும் ஏறி வருவது. அதற்கு ஜெல்தான் சரி. அலமாரிக் கீல், சிங்குக்கு அடி, பிரிட்ஜுக்குப் பின்புறம் என்று சின்னச் சின்னப் புள்ளியாக வைக்க வேண்டும். தின்றது இடுக்கில் போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் உடலையும் தின்ற மற்றவையும் சாகும். ஆனால் ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் அந்த வாடைக்குக் கரப்பான் கிட்டவே வராது. ஜெல் காசும் போச்சு. ஒப்பந்தக்காரர் இரண்டையும் ஒரே நாளில் செய்து தருகிறேன் என்கிறார். யோசித்துக்கொள்ளுங்கள். பெரிய செங்கரப்பான் சாக்கடை ஆசாமி. ஜாலிக்கு மூடி, உடைந்த சேம்பர் மூடிக்குச் சிமெண்ட், அவ்வளவுதான்.

கொசுவைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வார்த்தை இல்லை, அதுதான் வேடிக்கை. பக்கத்துப் புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்ப்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் யானைக்கால், மலேரியாக் கொசுக்களை ஆராய்ந்துகொண்டிருக்கிறது. கொசுப்புழுவை மட்டும் கொல்லும் பாக்டீரியா மருந்தைக்கூட உருவாக்கியிருக்கிறார்கள். நாமோ செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கு ஒரு முழம் நைலான் வலை கட்டவில்லை. யானைக்கால் கொசுவுக்கு அதைவிட நல்ல பிரசவ ஆஸ்பத்திரி கிடையாது. எல்லாக் குழாய்க்கும் வலை கட்டினாலும் ஒரு தடவை மருந்து அடிக்கும் செலவு ஆகாது.

நிஜமாகப் பயப்பட வேண்டியது தேளுக்கு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது தேளும் பூரானும் எங்கெங்கிருந்தோ வீட்டுக்குள் வந்தன. செந்தேள் குழந்தையைக் கொட்டினால் இதயம் வரை பாதிக்கும். மந்திரம், பச்சிலை என்று நேரம் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், பிராசோசின் என்ற சாதாரண ரத்த அழுத்த மாத்திரையால் எத்தனையோ உயிரைக் காப்பாற்றலாம் என்று காட்டியிருக்கிறார். தேள் தங்குவது செங்கல் குவியலிலும் விழுந்த தென்னை மட்டைக்கு அடியிலும். பூங்காவுக்காக வாங்கிய செங்கல் இன்னும் ஆறாவது தெரு முனையில்தான் கிடக்கிறது, செயலாளர் அவர்களே.

கடைசியாக, பாதுகாப்பு. 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். ஆகவே எந்த மருந்தாக இருந்தாலும் அதன் பெயர், அளவு, டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறம் ஆகியவற்றை முன்கூட்டியே எழுத்தில் தரச் சொல்லுங்கள். சிவப்பு என்றால் கடும் நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மருந்து அடிப்பவருக்கு உரிமம் வேண்டும். அதன் நகலையும் பலகையில் ஒட்டுங்கள். மருந்தின் பெயரைக் கேட்டதற்கு ஒப்பந்தக்காரரிடமிருந்து "எல்லாம் ஹெர்பல் சார்" என்று பதில் வந்ததாகச் சொல்கிறார்கள். ஹெர்பல் என்றாலும் பெயர் இருக்குமே.

தீர்மானத்தை இப்படி மாற்றித் தரும்படி கேட்கிறேன்: சிலந்திக்கு மருந்து இல்லை. கரப்பான் இருக்கும் வீட்டுக்கு மட்டும், அவர்கள் கேட்டால், ஜெல். செப்டிக் குழாய் வலையும் சேம்பர் மூடியும் சங்கச் செலவில், ஐப்பசிக்கு முன். செங்கல் இந்த வாரமே அகற்றப்பட வேண்டும். பொதுக்குழு இதை ஏற்காவிட்டால் என் வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சந்தாவில் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு கட்டுகிறேன். வலை கட்ட ஞாயிற்றுக்கிழமை ஆள் வேண்டுமென்றால் ஏணியோடு வருகிறேன்.

இப்படிக்கு,
ஐந்தாவது தெரு, கிணற்று வீட்டுக்காரன்
கடலூர்