பாரிமுனை ஒய்.எம்.சி.ஏ.வுக்கு ஒரே ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாரிமுனைப் பழைய கட்டடங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். உயர் நீதிமன்றத்துக்கு அவ்வளவு இடம் கொடுத்தது சரி, ஆனால் அதற்கு எதிரே என்.எஸ்.சி. போஸ் சாலையில் நிற்கிற ஒய்.எம்.சி.ஏ. (இளைஞர் கிறிஸ்தவச் சங்கம்) கட்டடத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, மனசு கேட்கவில்லை.

1890-ல் டேவிட் மெக்கானகி என்ற அமெரிக்கர் இங்கே தொடங்கிய சங்கம் அது. கட்டடத்துக்குப் பணம் தந்தவர் ஜான் வானமேக்கர். பிலடெல்பியாவில் பிரம்மாண்டமான கடை நடத்தியவர், இளம் வயதில் அந்த ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் சம்பளத்துக்குச் செயலராக வேலை பார்த்தவர். கட்டடக் கலைஞர் ஹாரிஸ் வரைந்து கொடுக்க, கட்டியது யார் தெரியுமா? உயர் நீதிமன்றத்தைக் கட்டிய அதே நம்பெருமாள் செட்டியார்! கிறிஸ்தவச் சங்கம்தான், ஆனாலும் முகப்பில் சர்ச் சாயலே கிடையாது. பஸ் நெரிசலுக்கு நடுவே ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள், ராஜஸ்தான் மாளிகைகளில் இருப்பது மாதிரி கல்லில் வலை போலப் பின்னிய ‘ஜாலி’ என்கிற சல்லடை வேலைப்பாடு தெரியும். அமெரிக்கப் பணம், வெள்ளைக்காரர் வரைபடம், வடநாட்டுப் பாணி, நம்ம ஊர் செட்டியார் கைவேலை எல்லாம் ஒரே சுவரில்.

மதம் பரப்பும் நோக்கம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பின்னாளில் ஆங்கிலிகன் சபையின் முதல் இந்திய பிஷப்பான வேதநாயகம் அசரியா இந்தச் சங்கத்தில் ஊழியம் செய்தவர்தான். ஆனால் மற்ற மதத்து இளைஞர்களும் துணை உறுப்பினராகச் சேர முடிந்தது. அப்புறம் விளையாட்டு. கூடைப்பந்தும் வாலிபாலும் பிறந்ததே அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ.க்களில். அங்கே படித்துவிட்டுச் சென்னை வந்த ஹாரி பக், 1920-ல் இந்தச் சங்கத்தின் பெயரில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி இன்று நந்தனத்தில் இருக்கிறது. நம்ம பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார்கள் எத்தனையோ பேர் அங்கே படித்து வந்தவர்கள், இதை எழுதாமல் எப்படி விட்டீர்கள்?

இன்னொன்றும் உண்டு. ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பதிலாக அன்னி பெசன்ட் 1914-ல் இந்திய இளைஞர் சங்கத்தைத் தொடங்கினார். அதன் கோகலே ஹால் நடந்து போகிற தூரத்தில், அரண்மனைக்காரன் தெருவில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள், முகப்பின் படம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
தண்டையார்பேட்டை