நம் சங்கத்தின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தாராவியின் பல நகர்களிலிருந்தும் குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் செயற்குழு ஒன்பது முறை கூடியது. போதிய உறுப்பினர் வராததால் மேலும் இரண்டு கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நோட்டுப் புத்தகம் வழங்கினோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. பொங்கல் விழாவும் கோலப் போட்டியும் வழக்கம்போல் சிறப்பாக நடந்தன. மறைந்த உறுப்பினர்கள் மூவருக்கு இந்த அவை அஞ்சலி செலுத்துகிறது.

ஆகஸ்ட் 15 விழாவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செயலாளர் தன் இஷ்டத்துக்கு விழாவை மாற்றிவிட்டார் என்று வெளியே பேச்சு இருக்கிறது. நடந்ததை நடந்தபடி பொதுக்குழுவில் வைப்பது என் கடமை.

இருபத்திரண்டு ஆண்டுகளாக நம் சுதந்திர தினம் என்றால் காலை எட்டு மணிக்கு ஒரு பிரமுகர், கொடியேற்றம், தேசிய கீதம், லட்டு. எட்டரைக்கு நாற்காலிகளை மடக்கிவிடுவோம். 2023இல் அப்படி மடக்கிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, "மாமா, சுதந்திரம் வாங்கி என்ன செய்யணும்னு அவங்க நெனச்சாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்குப் போயும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் நம் அரசியலமைப்பின் முகப்புரையில் இருக்கிறது. 1949 நவம்பர் 26இல் ஏற்கப்பட்ட அந்தச் சாசனத்துக்கு 2024இல் எழுபத்தைந்து வயது. ஆகவே சுதந்திர தினத்தன்று முகப்புரையைப் பிள்ளைகள் தமிழில் வாசிப்பது, நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற நான்கு சொற்களையும் நம் உறுப்பினர்களே தங்கள் சொந்தப் பேச்சில் விளக்குவது என்று செயற்குழுவில் யோசனை வைத்தேன். "அது ஜனவரி 26 சமாச்சாரம், ஆகஸ்டுக்கு எதற்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9ஆம் தேதியே கூடிவிட்டது. நான்கு நாள் கழித்து நேரு கொண்டுவந்த, பின்னால் முகப்புரைக்கே அடிப்படையான குறிக்கோள் தீர்மானம் 1947 ஜனவரி 22இல் நிறைவேறியது. மூவண்ணக் கொடியைச் சபை ஏற்றது அதே ஆண்டு ஜூலை 22இல். அதாவது கொடி இன்னதென்று முடிவாவதற்குச் சரியாக ஆறு மாதம் முன்பே, எதற்காகக் கொடி என்பது முடிவாகிவிட்டது. நாம்தான் கொடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஜனவரிக்குத் தள்ளிவிட்டோம். இதைச் சொன்னபின் பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டார்கள். கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை பயிற்சி கொடுத்தோம். ஆகஸ்ட் 11 அன்று இருபத்து மூன்று பிள்ளைகளை ஆகஸ்ட் கிராந்தி மைதானத்துக்கு அழைத்துப் போனோம். சயானில் ரயில் ஏறி, தாதரில் மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி நடை. கோவாலியா டேங்க் என்று அப்போது பெயர் பெற்ற அந்த மைதானத்தில்தான் 1942 ஆகஸ்ட் 8இல் காங்கிரஸ் கமிட்டி 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தை நிறைவேற்றியது. மறுநாள் விடியுமுன் தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் அருணா ஆசப் அலி அங்கே கொடியேற்றினார். மழையில் நனைந்துகொண்டே பிள்ளைகள் இதைக் கேட்டார்கள். துணைக்கு வரச் சொல்லி செயற்குழுவில் எட்டுப் பேரிடம் கேட்டேன், வந்தவர்கள் இருவர். அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாதர் மேம்பாலத்தில் ஞாயிறு கூட்டத்தில் மாறிய அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

அடுத்தது கொடியேற்றம். மனவருத்தத்துக்குக் காரணமும் இதுதான். முப்பது ஆண்டுகளாக நம் உறுப்பினராக இருப்பவர், முனிசிபாலிட்டியில் துப்புரவுப் பணி செய்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர், ஒவ்வொரு ஏப்ரலிலும் சந்தாவை முதல் ஆளாகக் கட்டுகிறவர். இத்தனை ஆண்டில் ஒருமுறைகூட அவரை மேடைக்குக் கூப்பிட்டதில்லை. தகுதிநிலையில் சமத்துவம், வாய்ப்பில் சமத்துவம் என்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு, அவரைப் பின்வரிசையில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவரைக் கொடியேற்றக் கேட்டுக்கொண்டேன். தலைவரின் ஒப்புதல் பெற்றே கேட்டேன். வழக்கமாக நன்கொடை தரும் இருவர் அன்று வரவில்லை, நன்கொடையும் வரவில்லை. அவர்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. இந்த முடிவை மட்டும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்பதைப் பணிவோடு தெரிவிக்கிறேன். கயிற்றைப் பிடித்தபோது அந்த அக்காவின் கை நடுங்கியதை முன்வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தோம்.

சுதந்திரம் என்ற சொல்லைக் கல்லூரி மாணவர் ஒருவர் விளக்கினார். முகப்புரையைக் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என்று நிர்ணய சபை உறுப்பினர் காமத் கொண்டுவந்த திருத்தம் 1949 அக்டோபர் 17இல் 41க்கு 68 வாக்கில் தோற்றதை அவர் சொன்னபோது, கோயில், சர்ச், மசூதி மூன்றுக்கும் போகிறவர்கள் ஒரே தார்ப்பாயின் கீழ் நின்று கேட்டார்கள்.

சகோதரத்துவத்தை விளக்கியவர் நம் பெயிண்டர் அண்ணாச்சி. மேடையேறிப் பேசியே பழக்கமில்லாதவர். நேருவின் தீர்மானத்தில் இந்தச் சொல் இல்லை, 1948 பிப்ரவரியில் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழு சேர்த்தது என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். காந்தியார் கொல்லப்பட்டு ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. 1949 நவம்பர் 25ஆம் தேதிப் பேச்சில், சகோதரத்துவம் இல்லாவிட்டால் சமத்துவமும் சுதந்திரமும் மேலே அடித்த பெயிண்ட் பூச்சுக்கு மேல் ஆழமாக இருக்காது என்று அம்பேத்கர் சொன்னதையும் எழுதியிருந்தேன். அண்ணாச்சி அந்த வரிக்கு வந்ததும் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டார். "இது எனக்குத் தெரிஞ்ச வேலை. செவுத்தைச் சொரண்டாம, பட்டி பாக்காம, பிரைமர் அடிக்காம கலர் மட்டும் அடிச்சா மொத மழைக்கு உரிஞ்சு வந்துரும். பக்கத்து வீட்டுக்காரன் கையால தண்ணி வாங்கிக் குடிக்காதவன் கொடிக்கு சல்யூட் அடிக்கதும் அப்படித்தான்" என்றார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. இந்த ஓராண்டில் சங்கம் செய்த காரியங்களில் அதுவே பெரிது என்று நான் நம்புகிறேன்.

அன்று வாட்ஸாப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் 112 பேர். வந்தவர்கள் 64. மழை ஒரு காரணம்தான். ஆனால் அதே மழையில்தான் அந்தப் பிள்ளைகளும் வந்தார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். முகப்புரை அட்டை அச்சிட்டது, தார்ப்பாய் வாடகை, பயணச் செலவு ஆகியவற்றால் கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைந்திருக்கிறது; எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. சந்தா ஆண்டுக்கு 300 ரூபாய், மாதம் இருபத்தைந்து ரூபாய்தான். 186 உறுப்பினரில் கட்டியவர்கள் 97 பேர். சிலருக்கு மூன்றாண்டு நிலுவை. வேலை போனவர்கள், நோயில் இருப்பவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் கேட்கவில்லை. மற்றவர்கள் வீட்டுக்கு நான்கு முறை ஏறி இறங்கியிருக்கிறேன்.

தலைவர், பொருளாளர், இடம் தந்த பள்ளி நிர்வாகம், ஒலிபெருக்கி அமைத்தவர்கள், லட்டு தந்த கடைக்காரர், மகளிர் அணி ஆகியோருக்கு நன்றி.

வரும் நவம்பர் 26 அன்று அரசியலமைப்பு தினத்தை மாலை நேரத்தில் நடத்த எண்ணம். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்யச் சொல்லும் 350அ பிரிவைப் பற்றி, முனிசிபல் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் கேட்க வேண்டும். அதற்கு அட்டை அச்சிடவும் தார்ப்பாய் எடுக்கவும் பணம் வேண்டும். பிள்ளைகளுக்குத் துணையாக வரப் பெரியவர்கள் நான்கு பேர் வேண்டும். இவை கிடைக்குமானால் செயலாளர் பொறுப்பில் இன்னும் ஓராண்டு இருக்க எனக்கு மனம் உண்டு. வேறொருவர் முன்வந்தாலும் அலமாரிச் சாவியும் குறிப்பேடும் தயாராக இருக்கின்றன.

பொருளாளர் ரசீது புத்தகத்தோடு வாசல் பக்க மேசையில் இரவு எட்டு மணி வரை இருப்பார். துணைக்கு வருவோர் பெயர் எழுத ஒரு தாளும் அங்கேயே வைத்திருக்கிறோம்.